தடுப்பூசியை ஏன் இடுப்பில் போடுவதில்லை?

காய்ச்சலுக்கு ஊசி என்றால் இடுப்புதான் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் புதன்கிழமை கைக்குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தொடையில் போடுகிறார்கள். பத்து வயதில் டிடி ஊசி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) என்றால் தோளுக்குக் கீழே. சதைப்பிடிப்பான இடம் புட்டம்தானே, அதை ஏன் விட்டுவிட்டார்கள்?

அங்கே தோலுக்குக் கீழே முதலில் இருப்பது கொழுப்பு. பெரியவர்கள் பலருக்கு ஒரு அங்குல ஊசி அந்தக் கொழுப்பைத் தாண்டுவதே இல்லை. கொழுப்பில் இரத்த ஓட்டம் குறைவு. மருந்து அங்கேயே தேங்கிச் சிதையும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி வந்த புதிதில் இது நடந்தது. புட்டத்தில் போட்டுக்கொண்டவர்கள் பலருக்கு எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு வரவில்லை. 1985-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், பெரியவர்களுக்குக் கையில்தான் போட வேண்டும் என்றது. வெறிநாய்க்கடி ஊசியையும் புட்டத்தில் போடவே கூடாது. அதில் கோட்டை விட்டால் உயிருக்கே ஆபத்து. (தொப்புளைச் சுற்றிப் போட்டார்களே என்பவர்களுக்கு: அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. இப்போது இந்தியாவில் அது கிடையாது.)

இன்னொரு காரணம் சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடித்த நரம்பு அது, புட்டத்தின் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. ஊசி அதில் பட்டால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் போகலாம். நடை பழகாத குழந்தைக்குப் புட்டத் தசை இன்னும் தேறியிருக்காது; நரம்புக்கும் ஊசிக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதே குழந்தையின் தொடையில், முன்பக்கம் வெளிப்புறமாக ஓடும் வாஸ்டஸ் லேட்டராலிஸ் என்ற தசை பிறக்கும்போதே நல்ல திரட்சியோடு இருக்கும். பெரிய இரத்தக் குழாய்கள் தொடையின் உள்பக்கமாகப் போகின்றன. இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு, அதன் வெளிப்புறம்: நர்ஸம்மா தொடையைப் பிடித்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பெரியவர்களுக்கு டெல்டாய்டு என்ற தோள் தசை. தோள் முனையில் விரல் வைத்தால் கெட்டியாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, கையின் வெளிப்பக்கம், தசை நன்றாகத் திரண்ட இடம். அதற்கு மேலே போனால் தோள் மூட்டின் மெத்தைப் பையில் மருந்து இறங்கி, கையைத் தூக்க முடியாத வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். ரொம்பக் கீழே, பின்பக்கமாகப் போனால் ரேடியல் நரம்பு. சட்டைக் கையைப் பாதி மட்டும் சுருட்டிக்கொண்டோ, கழுத்துப் பக்கம் இழுத்துக் காட்டியோ ஊசி போட்டுக்கொள்வது சரியில்லை என்பது இதனால்தான். தோள் முழுவதும் தெரிய வேண்டும்.

தசையில் மருந்து இறங்கியதும் அங்கே சின்னதாக ஒரு அழற்சி கிளம்புகிறது. காவல் செல்கள் இரத்தத்திலிருந்து வந்து கூடி, மருந்துத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. எதிர்ப்பை உருவாக்கும் வேலை நடப்பது அங்கேதான். கொரோனா ஊசிக்குப் பிறகு சிலருக்கு அக்குளில் நெறி கட்டியதே, அதுதான் இது. பல தடுப்பூசிகளில் எதிர்ப்பைத் தூண்ட அலுமினிய உப்பு கலந்திருக்கும். அது தோலடிக் கொழுப்பில் தங்கினால் எரிச்சலும் கட்டியும் வரும். தசை அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஊசி போடும்போது கையை விறைக்காமல் தொங்கவிடுங்கள், வலி குறையும். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். குழந்தைக்கு இடது தொடையில் போடுவது ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா தடுப்பூசி. மறுநாள் ஒரு தொடை மட்டும் வீங்கினால் எந்த மருந்தால் என்று கேட்காமலே தெரிந்துவிடும்.