ஆம்ப்ளிஃபயர் பாகங்களை ஸ்பீக்கரிலிருந்து கணக்கிடுதல்

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சொந்தமாகக் கட்ட முனைபவர்கள் பெரும்பாலும் முதலில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைத் தேடிப் போகிறார்கள். அந்த டிரான்சிஸ்டர்களின் அளவை மட்டுமல்ல, மின்மாற்றியிலிருந்து ஃபியூஸ் வரை ஏறக்குறைய எல்லாவற்றின் அளவையும் தீர்மானிப்பது ஸ்பீக்கர்தான் என்பதால், கணக்கை அங்கே தொடங்கிப் பின்னோக்கி வருவதே சரியான வழி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தருவதாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பயனுறு (ஆர்எம்எஸ்) மதிப்பில் 20 வோல்ட் வேண்டும். சைன் அலையின் உச்சத்தில் அது 28.3 வோல்ட்டாகவும், மின்னோட்டம் ஏறத்தாழ 3.5 ஆம்பியராகவும் இருக்கும். இனி வரும் எண்கள் எல்லாம் இந்த இரண்டு எண்களின் பிள்ளைகள்.

வெளியீட்டு டிரான்சிஸ்டர்களிலும் அவற்றின் எமிட்டர் மின்தடைகளிலும் சில வோல்ட் இழக்கப்படுவதால், முழுச் சுமையிலும் வழங்கு மின்னழுத்தம் கூட்டல், கழித்தல் என இரு பக்கமும் 32 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நடுமுனையின் இரு பக்கமும் 25 வோல்ட் தரும் 25-0-25 மின்மாற்றி ஒன்று, நேராக்கும் டையோடுகளின் இழப்பு போக, கூட்டல் கழித்தல் 34 வோல்ட் அளவில் தரும். முழுத் திறனில் ஒரு சானல் வழங்கியிலிருந்து உறிஞ்சுவது சுமார் 77 வாட். இசையின் சராசரித் திறன் அதைவிட மிகக் குறைவு என்பதால், இரண்டு சானல்களுக்கு 200 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி போதும்.

வடிகட்டும் மின்தேக்கிகளை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில் கற்பனைகள் அதிகம்; கணக்கோ மிக எளிது. 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் மின்தேக்கி 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை நிரப்பப்படுகிறது. முழுத் திறனில் ஒவ்வொரு பக்கமும் தரும் சராசரி மின்னோட்டம் உச்ச மின்னோட்டத்தைப் பையால் (π, சுமார் 3.14) வகுத்தால் கிடைப்பது, அதாவது சுமார் 1.1 ஆம்பியர். 10,000 மைக்ரோஃபாரட் இருந்தால் இரு நிரப்பல்களுக்கு இடையே மின்னழுத்தம் ஏறத்தாழ 1.1 வோல்ட் இறங்கும். 4,700 வைத்தால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் இறங்கும். ஆழ்ந்த பேஸ் ஒலியில் ஒரே பக்கம் நீண்ட நேரம் மின்னோட்டம் தர வேண்டியிருப்பதால் இறக்கம் இன்னும் கூடும். ஆகவே 10,000 என்பது நியாயமான தேர்வு. மின்னழுத்த வரம்பு 50 வோல்ட்டாக இருக்க வேண்டும். சுமை இல்லாதபோது மின்மாற்றியின் மின்னழுத்தம் உயரும் என்பதால் 35 வோல்ட் மின்தேக்கியை இங்கே வைப்பது ஆபத்து. வெப்பநிலை 10 டிகிரி குறையும்போதெல்லாம் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே 105 டிகிரி வகையை வாங்கி, டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் வெப்பமகற்றியிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

இப்போதுதான் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள். பழைய சுற்றுப்படங்களில் மிகுதியாகக் காணப்படும் 2என்3055 டிரான்சிஸ்டர் தாங்கும் மின்னழுத்தம் 60 வோல்ட். நமது சுற்றில் வெளியீடு ஒரு பக்க உச்சத்துக்குப் போகும்போது, அணைந்திருக்கும் எதிர்ப்பக்க டிரான்சிஸ்டரின் குறுக்கே 34-ம் 28-ம் சேர்ந்து 62 வோல்ட் நிற்கும். எனவே அது இங்கே பொருந்தாது. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் வரம்புகள் கொண்ட 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் இணை தாராளமாகப் பொருந்தும். ஆயினும் அந்த 150 வாட் என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. டிரான்சிஸ்டரின் உறை 25 டிகிரியில் இருந்தால் மட்டுமே அது உண்மை. சூடு ஏற ஏற அந்த வரம்பு சரிந்து, 150 டிகிரியில் பூஜ்யமாகிவிடும். அதோடு, ஸ்பீக்கர் வெறும் மின்தடை அல்ல. அதில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக நகர்வதால், டிரான்சிஸ்டரின் குறுக்கே மின்னழுத்தம் அதிகமாக இருக்கும் நேரத்திலேயே பெரிய மின்னோட்டமும் பாயக்கூடும். தரவுத்தாளில் உள்ள பாதுகாப்பான இயக்க எல்லை வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். 4 ஓம் ஸ்பீக்கரையும் இணைக்கும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு இணைகள் வைப்பதே என் பரிந்துரை. இந்த எண்களைத் தாங்கிய போலி டிரான்சிஸ்டர்கள் சந்தையில் ஏராளம்; உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு உரியதைவிடச் சிறியதாக இருக்கும், சிறிய ஒலியில் நன்றாகவே பாடும், ஒலியைக் கூட்டும் நாளில் வெடிக்கும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது இந்த ஒரு பாகத்துக்கு முற்றிலும் தகும்.

வெப்பத்தின் கணக்கு நீர் படிப்படியாக இறங்குவதைப் போன்றது. இரு டிரான்சிஸ்டர்களும் அலையின் ஆளுக்கொரு பாதியைக் கையாளும் பி வகுப்பு இயக்கத்தில் மின்தடைச் சுமையுடன் ஓர் இணை வெளியேற்றும் உச்ச வெப்பம் சுமார் 30 வாட், அதாவது ஒவ்வொன்றும் 15. டிரான்சிஸ்டருக்குள் சூடு பிறக்கும் சந்தியிலிருந்து உறைக்கு வாட்டுக்கு 0.83 டிகிரி, உறைக்கும் வெப்பமகற்றிக்கும் இடையிலுள்ள மின்காப்புத் தகட்டில் சுமார் 0.5 டிகிரி என ஏறத்தாழ 20 டிகிரி கூடும். வாட்டுக்கு 1 டிகிரி என்ற வெப்பமகற்றியில் இரண்டின் 30 வாட்டும் சேர்வதால் இன்னும் 30 டிகிரி. அறை 35 டிகிரியாக இருந்தால் சந்தி 85 டிகிரியில் நிற்கும். அது நிம்மதியான இடம்.

ஒலியின் தரத்தை மிகுதியும் பாதிப்பது இரு டிரான்சிஸ்டர்களும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் நொடி. அதை மென்மையாக்க இரண்டிலும் சிறிய பயாஸ் மின்னோட்டம் எப்போதும் ஓட வேண்டும். 0.22 ஓம் எமிட்டர் மின்தடை ஒவ்வொன்றின் குறுக்கும் 20 முதல் 25 மில்லிவோல்ட் இருக்குமாறு அமைப்பது வழக்கம். சூடு ஒரு டிகிரி ஏறும்போது பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவதால், கட்டுப்பாடு இல்லாவிட்டால் மின்னோட்டம் கூடும், அதனால் சூடு கூடும், மீண்டும் மின்னோட்டம் கூடும். இந்தச் சுழலை அறுக்கவே பிடி139 போன்ற பயாஸ் டிரான்சிஸ்டரை அதே வெப்பமகற்றியில் திருகி வைக்கிறோம்.

சிறிய பாகங்களில் விலையைவிட வகையே முக்கியம். பின்னூட்டத்தை நிலைப்படுத்தும் 100 பிகோஃபாரட் மின்தேக்கியின் குறுக்கே வெளியீட்டின் முழு அலைவும் வந்து நிற்கும். எக்ஸ்7ஆர் வகை செராமிக்கின் கொள்ளளவு மின்னழுத்தத்துக்கேற்ப மாறுவதால் அது நேராகத் திரிபாக மாறும். சி0ஜி வகையில் அந்த மாற்றம் இல்லை எனலாம். உள்ளீட்டில் 1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் மின்தேக்கியும் 47 கிலோஓம் மின்தடையும் சேர்ந்தால் 3.4 ஹெர்ட்ஸ் அளவில்தான் தாழ்ந்த அதிர்வெண்களின் குறைப்பு தொடங்கும். அதற்கு மேல் செலவழிப்பதில் பயனில்லை. மற்ற மின்தடைகளுக்கு ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் போதும்.

கடைசியாக, ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்கும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்கிணைந்துவிட்டால் (ஷார்ட் ஆகிவிட்டால்), 34 வோல்ட் நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான சுமார் 6 ஓம் வாய்ஸ் காயிலில் ஏறி ஏறத்தாழ 190 வாட் வெப்பத்தைக் கொட்டும். அதைத் துண்டிக்க வேண்டிய ரிலேயில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 250 வோல்ட், 10 ஆம்பியர் என்பது மாறுமின்னோட்டத்துக்கான வரம்பு. அதே ரிலேயின் நேர்மின்னோட்ட வரம்பு பெரும்பாலும் 30 வோல்ட் மட்டுமே. நேர்மின்னோட்டத்தில் தொடுமுனைகளுக்கிடையே எழும் தீப்பொறி தானாக அணைவதில்லை. ஆகவே 34 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னோட்ட வரம்பு எழுதப்பட்ட ரிலேயைத் தேடி வாங்கி, அது விடுபடும்போது ஸ்பீக்கர் முனை தரைக்குப் போகுமாறு இணைக்க வேண்டும். அப்போது தீப்பொறி நீடித்தாலும் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் போகாமல் தரைக்கே பாய்ந்து, வழங்கியின் ஃபியூஸை எரித்துவிடும்.