நெல் இலையில் குண்டூசிப் புள்ளி: தோற்றது யார்?

குலை நோய் கண்ட வயலில் சில இலைகளில் கண் வடிவப் புண்கள். சிலவற்றில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளிகள் மட்டும். இரண்டும் ஒரே நோய்தானா, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபிக்கு இதில் என்ன வேலை என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பூஞ்சை ஒன்றேதான். நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமான கண் வடிவப் புண் என்றால் பூஞ்சை ஜெயித்துவிட்டது. வளராமல் நின்றுபோன புள்ளி என்றால் ஜெயித்தது நெல். அது செடி தன் செல்களைத் தானே கொன்ற இடம்.

பூஞ்சையின் வித்து இலையில் ஒட்டி, பனி ஈரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முளைத்துவிடும். இலையிலிருந்து இன்னும் ஒரு பருக்கைகூடக் கிடைக்காத நிலை. கட்டுச்சோறாகக் கொண்டுவந்த கொழுப்பையும் கிளைக்கோஜனையும் கரைத்து, ஒரு சிறு குமிழுக்குள் கிளிசராலைச் சேர்க்கிறது. சவ்வூடு பரவலில் தண்ணீர் உள்ளே பாய, அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையில்தான் இலைத்தோல் துளைபடுகிறது. குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறமிப் பூச்சு இல்லையென்றால் கிளிசரால் கசிந்துவிடும். டிரைசைக்ளசோல் மருந்து தடுப்பது இந்த மெலனின் தயாரிப்பைத்தான். அதனால் துளை விழுவதற்கு முன்பே தெளிக்க வேண்டும்.

உள்ளே நுழைந்த பூஞ்சை, செடியின் காவலை மழுங்கடிக்கச் சில புரதங்களைக் கக்குகிறது. சில நெல் ரகங்களில் அவற்றைப் பிடிக்க ஒரு ஜோடி ஏற்பிப் புரதங்கள் உண்டு: ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5. முதலாவது ஒரு கொலையாளி. தனியே விட்டால் செல்லைச் சாகடித்துவிடும். இரண்டாவது அதன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பூஞ்சைப் புரதம் வந்து ஆர்ஜிஏ5-இன் வாலைக் கவ்வியதும் பிடி தளர்கிறது. அந்த வால் ஒரு பொறி. பூஞ்சை கவ்வ விரும்பும் இலக்கைப் போலவே அதற்கு வடிவம்!

ஏடிபி எங்கே வருகிறது? தமிழில் சுருக்கினால் மூன்று பாஸ்பேட் கொண்ட அடினோசின் டிரைபாஸ்பேட்டும் ஏடிபி, இரண்டு கொண்ட அடினோசின் டைபாஸ்பேட்டும் ஏடிபி. ஆகவே முழுசாகவே சொல்கிறேன். இந்த வகை ஏற்பிகளின் நடுவே ஒரு குழி உண்டு. அமைதிக் காலத்தில் அதில் டைபாஸ்பேட் உட்கார்ந்திருக்கும். ஆபத்து தெரிந்ததும் அது இறங்கிக்கொள்ள, டிரைபாஸ்பேட் ஏறுகிறது, புரதத்தின் உருவமே மாறுகிறது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் கடுகு இனச் செடியான அராபிடாப்சிஸின் ஜார்1 என்ற ஏற்பியில் இதைச் சீன ஆய்வாளர்கள் 2019-இல் படம்பிடித்தார்கள்: ஐந்து ஏற்பிகள் சக்கரமாகச் சேர்ந்து, நடுவில் புனல்போல ஒரு முனையை நீட்டுகின்றன. 2021-இல் தெரிந்தது, அந்தப் புனல் செல் சவ்வில் செருகிக் கால்சியத்தை உள்ளே விடும் வாய்க்கால் என்று. 'ஆற்றல் நாணயம்' என்று மனப்பாடம் செய்த மூலக்கூறு இங்கே சாவி வேலை பார்க்கிறது.

உண்மையான செலவு அதன்பிறகு. கால்சியம் ஏறியதும் சவ்வில் உள்ள நொதி, என்ஏடிபிஎச் என்ற சுமைதூக்கி மூலக்கூறு தரும் எலக்ட்ரான்களை வெளியே இருக்கும் ஆக்சிஜன் மீது வீசுகிறது. சூப்பர் ஆக்சைடு உண்டாகி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறி, செல்சுவரை இறுக்குகிறது. இதற்காகச் சர்க்கரை கரைகிறது, சுவாசம் கூடுகிறது. கடைசியில் செல் சாகிறது. முதல் சில நாட்கள் உயிருள்ள செல்லில்தான் இந்தப் பூஞ்சை பிழைக்க முடியும். பிணத்துக்குள் மாட்டிக்கொண்டால் பட்டினிதான்.

கோவையில் உருவான கோ 39 ரகத்திலும் இந்த ஜோடி இருக்கிறது. ஆனாலும் குலை நோய்க்கு எளிதில் விழும் ரகம் என்றே உலக ஆய்வுக்கூடங்களில் அதற்குப் பெயர். அந்த ஜோடிக்குத் தெரிந்த புரதங்கள் நெல்லைத் தாக்கும் பூஞ்சை இனங்கள் பலவற்றிடம் இல்லை. புது ரகம் வெளியிட விழா எடுக்கிறோம். வயலில் எந்தப் பூஞ்சை இனம் திரிகிறது என்று ஆண்டுதோறும் பார்க்கும் சலிப்பான வேலைக்குப் பணம் ஒதுக்கத்தான் கை வருவதில்லை.

புள்ளியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். சில இலைகளில் அடையாளம் கட்டி, நாலைந்து நாள் பாருங்கள். புள்ளி நீண்டு இரு முனையும் கூரானால், இன்னும் துளைபடாத இலைகளைக் காக்கத் தெளிக்கலாம். யூரியாவையும் நிறுத்தி வையுங்கள், தழைச்சத்து மிஞ்சிய இலையில் பூஞ்சைக்கு வேலை சுலபம். எள் வடிவில், மஞ்சள் வளையத்தோடு இருந்தால் அது செம்புள்ளி நோய், பூஞ்சையே வேறு. கதிர் வெளிவரும் சமயத்தில் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. கதிரின் கழுத்தில் பூஞ்சை இறங்கினால் மேலே மணிகளுக்குச் சத்து ஏறாது, கதிர் பதராகிவிடும்.