ஹிதோஜிச்சி: பணயக்கைதியா, ஆட்பிணையா?

‘ஹிதோஜிச்சி’ என்பது இரு சொற்கள் சேர்ந்த ஜப்பானியத் தொகைச்சொல். ‘ஹிதோ’ என்றால் ஆள். ‘ஷிச்சி’ என்றால் கடனுக்கு ஈடாக வைக்கும் பொருள். இரண்டும் புணரும்போது பின்சொல்லின் முதலெழுத்து ‘ஜி’ எனத் திரிகிறது. அடகுக்கடைக்கு ஜப்பானியர் வழங்கும் ‘ஷிச்சியா’ என்ற பெயரும் இந்தச் ‘ஷிச்சி’யிலிருந்து வந்ததே. கடன் வாங்குபவர் நகையை ஈடாக வைப்பது போல, வாக்குக் கொடுப்பவர் தம் தாயையோ மனைவியையோ மகனையோ ஈடாக வைப்பது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். வாக்குக் காக்கப்பட்டால் ஆள் மீள்வார்; தவறினால் அந்த உயிர், ஈட்டை வாங்கியவர் கையில்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஹாஸ்டேஜ்’ என்பார்கள். அது பழைய பிரெஞ்சின் ‘ஓஸ்தாஜ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் இரு கருத்துகள் உண்டு: விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் ‘ஹோஸ்பெஸ்’ என்பது ஒன்று, பிணையாகத் தரப்பட்டவரைக் குறிக்கும் ‘ஒப்செஸ்’ என்பது மற்றொன்று. எதை ஏற்றாலும், ஒருவர் இன்னொருவர் வீட்டில் தங்கியிருக்கும் நிலையையே இச்சொல் முதலில் சுட்டியது; துப்பாக்கி முனையும் பேரமும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை.

தமிழில் இன்று பெருவழக்காக இருப்பது ‘பணயக்கைதி’. பணயம் என்பது சூதில் வைக்கும் பொருளுக்கும் ஈட்டுப் பொருளுக்கும் வழங்கும் வடமொழிவழிச் சொல். கைதி அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. விமானக் கடத்தல், வங்கிக் கொள்ளை ஆகியவற்றில் சிக்கியவர்களைக் குறிக்க இந்தக் கூட்டுச்சொல் நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் இடைக்கால ஜப்பானியப் பிரபு ஒருவரின் மனைவியை இச்சொல்லால் குறித்தால் பொருள் பிசகிவிடுகிறது. அவர் சிறையில் இல்லை. தம் மாளிகையில், பணிப்பெண்களோடும் காவலரோடும், தம் தகுதிக்குரிய மதிப்போடு வாழ்கிறார். ஊரைவிட்டு மட்டும் வெளியேற முடியாது.

இந்த நிலைக்குத் தமிழின் ‘பிணை’ என்ற வேர் மிகப் பொருத்தமாக இருக்கிறது. (பெண்மானைக் குறிக்கும் பிணை வேறு, அதற்கு இங்கே வேலையில்லை.) பிணைத்தல் என்றால் கட்டுதல், ஒன்றோடொன்று சேர்த்தல், அதிலிருந்து உறுதிப்பாட்டுக்கு ஈடாக நிற்பது என்ற பொருளும் வந்தது. நீதிமன்ற வழக்கில் ஜாமீனைப் பிணை என்கிறோம். ‘பிணையாள்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆனால் இன்றைய சட்டத்தமிழில் அது பிறருக்காக உத்தரவாதம் தந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவரைக் குறிக்கிறது. எனவே பொருளைப் பிணையாக வைப்பதைப் பொருட்பிணை என்பது போல, ஆளையே பிணையாக வைப்பதை ‘ஆட்பிணை’ என்பதே என் பரிந்துரை. ‘பிணைக்கைதி’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. அதிலும் கைதி தொற்றிக்கொண்டு நிற்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை 1600ஆம் ஆண்டின் இரு பெண்களைக் கொண்டு காணலாம். முதலாமவர் மாட்சு என்னும் இயற்பெயருடைய ஹோஷுன்-இன். கனசாவாவை ஆண்ட மயேதா தொஷியியேயின் மனைவி. 1599இல் கணவர் இறந்தபின், மகன் தொஷிநாகா, நாட்டின் வலிமைமிக்க பிரபுவான தொகுகாவா இயேயாசுவுக்கு எதிராகச் சதி செய்வதாகப் பேச்சு எழுந்தது. அந்த ஐயத்தைப் போக்கத் தாயே இயேயாசுவின் கோட்டைநகரான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) சென்று தங்கினார். மகன் 1614இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, அதன்பிறகே கனசாவாவுக்குத் திரும்பினார். இங்கே ஒப்பந்தம் இருக்கிறது, கொடுப்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார். ஆட்பிணை என்ற சொல் எந்தத் திருத்தமும் இன்றிப் பொருந்துகிறது.

இரண்டாமவர் ஹோசோகாவா தடாஓகியின் மனைவி தாமா. அன்று ஜப்பானின் பெருவலியராக இருந்த ஓதா நொபுநாகாவை 1582இல் வீழ்த்திய அகேச்சி மிட்சுஹிதேயின் மகள் இவர். தந்தையின் செயலால் மலைப்பகுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டுப் பின் மீண்டவர். 1587இல் கிறித்தவராகிக் கராஷா என்று பெயர் பெற்றவர். பெருநிலக்கிழார்கள் தம் மனைவியரைத் தலைநகர்ப் பகுதியில் குடிவைக்க வேண்டும் என்ற, முந்தைய ஆட்சியாளர் தொயொதோமி ஹிதேயோஷியின் ஏற்பாட்டின் வழியில், அவர் ஒசாகா மாளிகையில் வாழ்ந்துவந்தார். அந்த அளவில் அவரும் ஆட்பிணையே. 1600இல் தடாஓகி இயேயாசுவோடு கிழக்கே படையெடுத்துச் சென்றிருந்தபோது, எதிரணித் தலைவரான இஷிதா மிட்சுநாரி, அவ்வாறு சென்ற பிரபுக்களின் மனைவியரை ஒசாகாக் கோட்டைக்குள் கொண்டுவந்து அடைத்துக் கணவர்களைத் தம் பக்கம் இழுக்க முயன்றார். பணயக்கைதி என்ற சொல் பொருந்தும் இடம் இதுதான், ஏனெனில் இங்கே உடன்பாடு இல்லை, பறிப்புத்தான் இருக்கிறது. கராஷா போக மறுத்தார். தற்கொலை அவருடைய சமயத்தில் பாவம் என்பதால், குடும்ப ஊழியர் ஒகசவாரா ஷோசாய் அவரைக் கொன்று, மாளிகைக்குத் தீயிட்டுத் தாமும் மாண்டார். ஆகவே கராஷாவைப் ‘பணயக்கைதியாக இருந்து இறந்தவர்’ என்று எழுதுவது தகவற்பிழை. பணயக்கைதி ஆக்கப்படுவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவ்வாண்டு இவ்விரு அணிகளும் மோதிய செகிகஹாராப் போரில் தடாஓகி இயேயாசுவின் பக்கமே நின்றார்.

ஆட்பிணை எப்போதும் கீழோரிடமிருந்து மேலோருக்குத்தான் போகும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1586இல் இயேயாசுவை ஒசாகாவுக்கு வரவழைக்க, நாட்டின் பெருவலியராக இருந்த ஹிதேயோஷியே தம் முதிய தாயை அவருடைய ஒகசாகிக் கோட்டைக்கு அனுப்பினார். அந்த மூதாட்டி தங்கிய இடத்தைச் சுற்றி இயேயாசுவின் ஆட்கள், அவருக்குத் தீங்கு நேர்ந்தால் தீயிட, விறகை அடுக்கி வைத்தனர் என்பர்.

போர்கள் ஓய்ந்தபின் இவ்வழக்கம் ஒழியவில்லை, சட்டமாக இறுகியது. 1635இல் தொகுகாவா மரபின் மூன்றாம் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) இயெமிட்சு, நிலக்கிழார்கள் முறைவைத்து எடோவுக்கு வந்து தங்க வேண்டும் என்பதை விதியாக்கினார். மனைவியும் வாரிசும் எடோவிலேயே இருந்தாக வேண்டும். எடோவுக்குச் செல்லும் நெடுஞ்சாலைச் சாவடிகளில், உள்ளே வரும் துப்பாக்கியும் வெளியே போகும் பெண்ணுமே பெரிதும் கண்காணிக்கப்பட்டன. மனைவியர் தம் ஊர் திரும்ப 1862இல்தான் அனுமதி கிடைத்தது.

இக்காலத்தின் ஆவணங்களைத் தமிழாக்குவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எடோ அரசு தான் வாங்கிய ஆட்பிணைகளை ஹிதோஜிச்சி என்று சொல்லாமல், ‘ஷோனின்’, அதாவது சான்றாள் என்று குறித்தது. நிலக்கிழார்களின் மூத்த ஊழியர் குடும்பங்களிலிருந்து ஷோனின் பெறும் முறை 1665இல் நிறுத்தப்பட்டது. அந்தச் சொல் வரும் இடங்களில் ‘சான்றாள்’ என்றே மொழிபெயர்த்து, அது ஆட்பிணையின் நயப்பெயர் என்று அடிக்குறிப்பில் சொல்வது நல்லது. நேராக ஆட்பிணை என்று எழுதினால், அரசு அந்தப் பெயரைத் தவிர்த்ததே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகும்.