குழாய்க்குள் சிக்கிய கம்பி

பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிளின் சட்டத்தில் ‘ரெனால்ட்ஸ் 531 பட்டட்’ என்று ஒட்டியிருக்கிறதே, அது என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

531 என்பது பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த எஃகு. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்தது. இது இலேசான எஃகு, விறைப்பான எஃகு என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. அடர்த்தி, விறைப்பைக் காட்டும் யங் குணகம் இரண்டுமே சாதாரண எஃகுக்கு உள்ளவைதான். கூடுதலாக இருப்பது வலிமை. அதனால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். எடை குறைவது அங்கேதான்.

ஆனால் எல்லா இடத்திலும் மெல்லியதாக்க முடியாது. மூட்டுகளில் வளைவு விசை அதிகம். பித்தளை ஊற்றிப் பற்றவைக்கும் சூடும் அங்கேதான் தாக்குகிறது. எனவே இரு முனைகளிலும் சுவர் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. வெளி விட்டம் முழுக்க ஒன்றே. 28.6 மி.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள குழாயில், நடுவில் 40 செ.மீ. மெலிந்தால் சுமார் 80 கிராம் மிச்சம். ‘பட்டட்’ என்பது இதைத்தான்.

சரி, இதை எப்படிச் செய்வது? முனைகளில் ஒல்லியாகவும் நடுவில் தடித்தும் உள்ள உருக்குக் கம்பியைக் குழாய்க்குள் வைக்கிறார்கள். பொற்கொல்லர் துளைத் தகட்டின் வழியே தங்கக் கம்பியை இழுப்பதுபோல, இரண்டையும் சேர்த்து அச்சின் வழியே இழுக்கிறார்கள். குழாய் கம்பியின் மேல் இறுகி, அதன் வடிவத்தை உட்புறம் வாங்கிக்கொள்கிறது. இப்போது கம்பியை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க வராது! விரல் கணுவைத் தாண்டாத மோதிரம்போல, கம்பியின் தடித்த நடுப்பகுதியைக் குழாயின் குறுகிய முனை மறிக்கிறது.

இதற்குக் கண்டுபிடித்த வழி என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. கம்பி உள்ளே இருக்கும்போதே, சாய்வாகப் பொருத்திய உருளைகளுக்கு நடுவே குழாயைச் சுழலவிடுகிறார்கள். வெளியே உருளை, உள்ளே கம்பி. இடையில் நசுங்கும் சுவர், கட்டையின் கீழ் சப்பாத்தி மாவு பரவுவதுபோல, சுற்றுவாட்டில் பரவுகிறது. சுற்றளவு கூடினால் விட்டமும் கூடும். நம் குழாயின் முனைத் துளை வெறும் 0.6 மி.மீ. விரிந்தால் போதும், கம்பியை உருவிவிடலாம்.

1841-ல் ஆணி செய்யத் தொடங்கிய குடும்பம் ரெனால்ட்ஸ். பட்டட் குழாய்க்கு 1897-ல் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். புதிய உலோகக் கலவை என்றால் ஆய்வு நிதி கிடைக்கிறது. இருக்கும் உலோகத்தை எப்படி உருட்டுவது, இழுப்பது என்று ஆராய்ந்தால் ‘பட்டறை வேலை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அப்புறம், ஒட்டுவில்லையை மட்டும் நம்பாதீர்கள், யாரும் ஒட்டலாம். சீட்டைத் தாங்கும் குழாய் மட்டும் கீழ் முனையில்தான் தடித்திருக்கும், அதன் மெல்லிய முனை மேலே இருக்கும். அதனால் சீட் கம்பியை உருவி அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். குழாயின் வெளி விட்டம் 28.6 ஆக இருந்து, கம்பி 27.2 மி.மீ. என்றால் சுவர் உண்மையிலேயே மெல்லியது. 26-க்குக் கீழே போனால் அது கனத்த குழாய்.