மரண முகமூடியா, முகவார்ப்பா?

"புளோரன்சில் புருனெல்லெஸ்கியின் மரண முகமூடியைப் பார்த்தோம்." பயணக் கட்டுரைகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. படிக்கும்போதெல்லாம் கேட்கத் தோன்றும்: அது யார் முகத்தை மூடியது?

1446இல் அந்தக் கட்டடக் கலைஞர் இறந்ததும், வளர்ப்பு மகன் புஜ்ஜானோ எடுத்ததாகச் சொல்லப்படுவது அது. முகத்தில் எண்ணெய் தடவி, ஜிப்சக் குழம்பை அப்பி, இறுகியதும் கழற்றினால் குழிந்த அச்சு கிடைக்கும். அதற்குள் மறுபடி குழம்பை ஊற்றி எடுப்பதைத்தான் காட்சியகத்தில் வைக்கிறார்கள். முகத்தை மூடியது அச்சு. நாம் பார்ப்பது அச்சில் வார்த்தது. ஆகவே முகவார்ப்பு. உயிரோடிருப்பவருக்கும் மூக்கில் குழாய் வைத்து இப்படி எடுக்கும் முறையை இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்திருக்கிறார். எனவே தேவைப்பட்டால் 'இறந்தோர் முகவார்ப்பு' எனலாம்.

இத்தாலிய மொழியில் முகமூடிக்கு மாஸ்கெரா என்று பெயர். பேய், சூனியக்காரி என்று பொருள்படும் இடைக்கால லத்தீன் 'மாஸ்கா'விலிருந்து வந்தது என்பர். கோமாளியைக் குறிக்கும் அரபுச் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. வேர் எதுவானாலும் அதில் 'மூடு' என்ற வினை இல்லை. நம் சொல்லில் அப்பட்டமாக இருக்கிறது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'சாவு முகமூடி' என்று திருத்தினார். மரணம் வடசொல்லாம். நல்லது, பிழை அப்படியே இருக்க, அதற்குப் புதுச் சட்டை! 'முகப்படிவம்' என்பார் இன்னொருவர். படிவம் என்றதும் எனக்குத் தாலுகா அலுவலக வரிசைதான் நினைவுக்கு வருகிறது.

முகமூடி என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. ரோமானிய மேட்டுக்குடியினர் முன்னோரின் முகங்களை மெழுகில் செய்து வீட்டில் வைத்திருந்தார்கள். சாவு ஊர்வலத்தில், உருவம் ஒத்தவர்கள் அவற்றை அணிந்து போனதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கிறார். அணிந்தார்கள் அல்லவா, அது முகமூடி. எகிப்திய மன்னன் துத்தன்காமனின் பொன்முகமும் பிணத்தின் முகத்தை மூடியிருந்ததுதான். புளோரன்சின் பலாஸோ வெக்கியோ அரண்மனையில் இருக்கும் கவிஞர் தாந்தேயின் முகமோ, அவர் முகத்திலிருந்தே எடுத்ததல்ல என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கு 'முகச்சிலை' போதும். வார்ப்பு, முகமூடி, சிலை மூன்றையும் 'மரண முகமூடி' என்று ஒரே சாக்கில் கட்டுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்.

இந்த வார்ப்புகள் மலிவானதும் புளோரன்ஸ் வீடுகளில் கதவு, சன்னல், கணப்படுப்பு எதன் மேல் பார்த்தாலும் உயிருள்ளவை போன்ற முகங்கள் இருந்ததாக, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதுகிறார். இதைப் போய் 'வீடெங்கும் முகமூடிகள்' என்று தமிழாக்கினால், படிப்பவர் திருவிழாக் கடை என்றல்லவா நினைப்பார்?