இருந்த இடத்து வேலைதானே என்று நினைக்காதீர்கள்

போன மாதம் படுக்கைப்புண்ணோடு என்னிடம் வந்தவர் இந்த வருடத்தில் மூன்றாவது ஆள். மூதூர்ப் பக்கத்துப் பெண். யுத்த காலத்தில் முதுகில் பட்ட செல் துண்டால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பனையோலைப் பெட்டி இழைத்துத்தான் தாயையும் பார்த்து வருகிறார். ஒரு சாமத்திய வீட்டுக்கு (பூப்பு நீராட்டு விழாவுக்கு) 150 பெட்டி, பத்து நாளில் வேண்டும் என்று ஓடர் வந்திருக்கிறது. விடியப்புறம் சில்லுக்கதிரையில் ஏறினால் இரவில்தான் இறங்குவாராம். பெட்டிகள் சொன்ன நாளில் போய்விட்டன. அவருடைய இருப்பெலும்பின் மேல், அதாவது உட்காரும்போது பாரம் தாங்கும் எலும்பின் மேல், படுக்கைப்புண். வெளியே ஒரு நாணயக் குற்றி அளவு வாய்தான். உள்ளே என் பெருவிரல் போகும் அளவுக்குக் குழி. இந்தப் புண் பல நேரம் இப்படித்தான், உள்ளே பெருத்த பிறகுதான் வெளியே காட்டும்.

“நோகவே இல்லையே மிஸ்” என்றார்.

பிசியோதெரப்பி வேலையில் நான் அதிகம் கேட்டது இந்த வசனத்தைத்தான், கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். நோகவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று வீட்டாரும் நினைக்கிறார்கள், ஓடர் கொடுப்பவர்களும் நினைக்கிறார்கள். நீங்கள் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். கந்தளாய் தாண்டுவதற்குள் எத்தனை தரம் அசைந்து உட்கார்ந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? இருக்காது. நோவு வந்தது, உடம்பு தானாக அசைந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அந்த நோவு வருவதில்லை. எலும்புக்கும் கதிரைக்கும் நடுவில் சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல் மணிக்கணக்காகக் கிடக்கிறது. நோகாத உடம்புக்குத்தான் நேரம் வைத்து அசைவு வேண்டும். “இருந்த இடத்தில் செய்கிற சுகமான வேலை” என்று யாரும் இனிமேல் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குக் கைவேலை கொடுக்கும் நிறுவனங்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் இல்லையென்றால் இவர்களில் பலருக்குக் கையில் ஒரு சதம் இராது. ஆனால் பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் கூலியில், எழும்பி அசையும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு நட்டம். அந்த நிமிடங்களையும் கூலியில் சேருங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் ஓலை முறுகி உடையும். அதனால் காலையிலும் இரவிலும்தான் இழைப்பார்கள். நடுவில் கிடைக்கும் பகலில் அவர்களைக் கதிரையில் வைத்தே வேறு வேலை வாங்காதீர்கள், குப்புறப் படுக்க விடுங்கள். வியர்வையில் ஊறிய தோல் கெதியில் பிய்யும்.

சரி, இழைக்கிற பிள்ளைகளுக்கு. அரை மணிக்கொரு தரம் போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும் ஓலையைக் கீழே வைத்து, நெஞ்சு முழங்காலில் படும்படி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருங்கள். கையை ஊன்றி ஒரு நொடி எழும்பிவிட்டு உட்காருவது போதாது, அதில் தோள்தான் கெடும். காலையும் இரவும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அமர்த்தி எடுத்தும் வெளிறாவிட்டால், அந்தச் சிவப்புப் போகும்வரை அதன் மேல் இருக்கவே கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவு செய்து. ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் கிழியும். டயர் ரியூப்பை வளையமாகப் போட்டு உட்காருவதும் வேண்டாம், அது சுற்றிவர இரத்தத்தை மறிக்கும். நீங்கள் கதிரை மெத்தையில் இருக்கும்போது அதன் அடியில் ஒருவர் கையை விட்டுப் பார்க்கட்டும். எலும்பு தட்டுப்பட்டால் மெத்தையை மாற்றுங்கள். சூடான எதையும் மடியில் வைக்காதீர்கள். ஓலைச் சாயம் கொதிக்கும் சட்டியை மடியில் வைத்து இறக்கிய ஒருவருக்குத் தொடை வெந்தது துணி ஒட்டிய பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. பட்டறைக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். மலசலகூடத்துக்குள் கதிரை போகாது, அதுதான் காரணம். சலத்தில் கிருமி, காய்ச்சல் என்று பிறகு என்னிடம் வருகிறார்கள். பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இலேயே வந்துவிட்டன. ஒரு கதவை அகலமாக்கி, ஒரு கைபிடி அடிக்க இன்னும் எத்தனை வருடம்?

ஓடர் கொடுப்பவர்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: “எத்தனை நாள் வேண்டும், தங்கச்சி?” அவள் சொல்லும் நாளுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். விலையையும் குறைக்கக் கேட்காதீர்கள். குறைத்தால் அந்தப் பணத்துக்காக அவள் இன்னும் இரண்டு பெட்டி கூட இழைப்பாள், அதே கதிரையில் இருந்து.

மூதூர்ப் பெண் இன்னும் வார்ட்டில் குப்புறக் கிடக்கிறார். புண் ஆற மாதக்கணக்காகும். நேற்றுப் போனபோது நெஞ்சுக்குக் கீழே தலையணையை வைத்து, இரண்டு கையும் கட்டிலுக்கு வெளியே நீட்டிப் பெட்டி மூடி ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.