“இவள் பயோ செய்தவள், சேர்”: வர்த்தகம் படிக்காமல் பட்டயக் கணக்காளராவது

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு இரண்டு மூன்று கிழமைக்கு என் அலுவலகத்தில் கணக்குக் கொண்டுவருபவர்களைவிடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். இந்தமுறை உவர்மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் இல்லை.

“சேர், இவள் பயோ செய்தவள். கணக்கீடு ஒரு நாளும் படிக்கேல்லை. இப்ப சீஏ செய்யப்போறன் எண்டு நிக்கிறாள். சரிவருமோ?”

பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பயோதான் என்றேன். அம்மா சுவரில் தொங்கிய என் பட்டயக் கணக்காளர் (சீஏ) சான்றிதழை ஒருதரம் பார்த்தார். அதில் உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்காது.

இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அங்கே மாணவராகப் பதிய வர்த்தகப் பிரிவுதான் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உயர்தரச் சித்தியோடு சாதாரண தரத்துக் கணிதம், ஆங்கிலப் பெறுபேறுகளையும் கையில் வைத்துக்கொண்டு, பதியும் நேரத்து நிபந்தனைகளை நிறுவனத்திடமே கேளுங்கள். ரியூசன் வாசலில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். என்னிடம் “உனக்கு இது சரிவராது தம்பி” என்று சொன்னவர் அப்படி ஒரு வாசலில் நின்றவர்தான்.

ஆனால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முதலாவது கணக்கீட்டுத் தாளில் நான் கோட்டை விட்டேன். கூட்டல் கழித்தலில் தவறில்லை. என்னைக் கவிழ்த்தவை இரண்டு தமிழ்ச் சொற்கள்.

எங்கள் பாடப்புத்தகத்தில் கணக்கின் இடப்பக்கமான டெபிட்டுக்கு ‘வரவு’, வலப்பக்கமான கிரெடிட்டுக்கு ‘செலவு’. வீட்டில் வரவு என்றால் வந்த காசு, செலவு என்றால் போன காசு. இந்த வீட்டு அர்த்தத்தோடு வகுப்புக்குள் போனால் முதல் நாளே தலை சுற்றும். 8,000 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் வாங்கினால் எரிபொருள் கணக்கு வரவு, காசுக் கணக்கு செலவு. காசு கொடுத்து வாங்கினதை எப்படி வரவு என்று எழுதுவது? உங்கள் மடிக்கு எது வந்தது என்பதல்ல அங்கே கேள்வி. எந்தக் கணக்கு பெற்றது, எந்தக் கணக்கு கொடுத்தது என்பதுதான். எரிபொருள் கணக்கு பெற்றது, காசுக் கணக்கு கொடுத்தது. இது பிடிபட எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இன்னொரு சில்லெடுப்பு. யூரியூப்பில் தமிழில் கணக்கியல் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு விரிவுரைகள். அருமையானவையும் உண்டு. ஆனால் அங்கே டெபிட் ‘பற்று’, கிரெடிட் ‘வரவு’. அதாவது நமது வரவும் அவர்களுடைய வரவும் எதிரெதிர்ப் பக்கம். பாவிக்கப் பாவிக்கப் பொருளின் பெறுமதி குறைவது நமக்குப் பெறுமானத்தேய்வு, அங்கே தேய்மானம். கணக்குகளைச் சரிபார்ப்பது நமக்குக் கணக்காய்வு, அங்கே தணிக்கை. வர்த்தகம் படித்த பிள்ளை இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் பிள்ளை இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு தனக்கு மூளை இல்லை என்று நினைக்கும். முதல் ஆறு மாதத்துக்கு ஒரே நாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதி வாருங்கள். மேல் கட்டங்களில் கணக்கீட்டு நியமங்களும் (கணக்கு எழுதும் விதிகள்) அலுவலகக் கோப்புகளும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வரும். சொல்லப்போனால் என் பயிற்சிக் காலத்தில் பயோ பிள்ளைகள் சிரமப்பட்டதைவிட ஆங்கிலத்தில் இரண்டு பந்தி எழுதத் தெரியாத பிள்ளைகள் சிரமப்பட்டதுதான் அதிகம்.

பெறுமானத்தேய்வை எனக்கு விளங்கப்படுத்தியது எந்த வகுப்பும் இல்லை, ஒரு மீன்பிடி வள்ளம். நம் கரையில் பங்குமுறை எல்லோருக்கும் தெரியும். பட்ட மீனை விற்று, அன்றைய எண்ணெய், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தை வள்ளக்காரரும் தொழிலுக்குப் போனவர்களும் பிரிப்பார்கள். கடலுக்கே போகாத வள்ளக்காரருக்கு ஏன் பங்கு? ஒவ்வொரு பயணத்திலும் அவருடைய எஞ்சின் கொஞ்சம் தேய்கிறது, அதனால்தான். கணக்குக்கு எஞ்சின் 6 இலட்சம், ஐந்து வருடம் ஓடும் என்று வையுங்கள். மாதம் 10,000 ரூபாய் தேய்ந்து போகிறது. வாங்கிய மாதத்தில் 6 இலட்சம் நட்டமும் இல்லை, அடுத்த மாதங்களில் எஞ்சின் இலவசமும் இல்லை. இது விளங்கினால் இலாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்பதும் விளங்கிவிடும். இந்தத் துறையில் பாதி அதுதான். திருகோணமலைப் பிள்ளைக்கு இதைக் கற்பிக்கக் கொழும்புக் கடை உதாரணம் எதற்கு?

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஆண்டு முடிவில் கணக்காய்வுக்குப் போனால் இருப்பை எண்ண வேண்டும். பெட்டியில் இருப்பதை யாரும் எண்ணுவார்கள். குவிந்து கிடப்பதை என்ன செய்வது? பயிற்சியில் இருந்தபோது ஒரு கட்டடப் பொருள் களஞ்சியத்தில் மணல் குவியல் ஒன்று. ஏட்டில் 300 தொன் என்று இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர், “ஐயா, கண்ணால பாருங்கோ, அவ்வளவு வரும்” என்றார். என்னோடு வந்த பையன் கணிதப் பிரிவு. நாடாவால் சுற்றளவை அளந்தான், 37.7 மீற்றர். அப்படியென்றால் ஆரை 6 மீற்றர். உயரம் 4 மீற்றர். கூம்பின் கனவளவு ஏறக்குறைய 151 கன மீற்றர். ஒரு கன மீற்றர் மணல் 1.6 தொன் என்று எடுத்தால் 241 தொன்தான் வருகிறது. மிச்சம் எங்கே என்று கேட்டபோது பொறுப்பாளர் தண்ணீர் குடிக்கப் போனார். எங்கள் குழுவில் கணக்கீட்டில் ‘ஏ’ எடுத்தவர்கள் மூன்று பேர் இருந்தும் அன்று வேலை பார்த்தது பள்ளிக்கூடக் கேத்திரகணிதம்.

சீனக்குடாப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து இதைத்தான் நினைப்பேன். டீசல் 10 பாகை சூடாகினால் கனவளவு சுமார் 0.8 சதவீதம் கூடும். பத்து இலட்சம் லீற்றரில் அது 8,000 லீற்றர். காலையில் அளந்ததையும் மத்தியானம் அளந்ததையும் வெப்பநிலை பாராமல் ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத இடத்தில் கள்ளனைத் தேட வேண்டி வரும். பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

கலைப்பிரிவுக்காரர்களை விட்டுவிட்டேன். தர்க்கத்தைக் கற்பிக்கும் அளவையியல் படித்தவர்கள் நிறுவனச் சட்டத்தையும் கூட்டக் குறிப்பையும் வாசிக்கும் விதமே வேறு, அவ்வளவு சொன்னால் போதும்.

வரிச் சட்டத்திலும் நியமங்களிலும் எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். 2017இல் புதிய உள்நாட்டு இறைவரிச் சட்டம் வந்தது, பழையதை மனப்பாடம் செய்தவர்கள் திரும்ப இருந்து படித்தார்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2019இல் குத்தகைக்குப் புதிய நியமம் நடைமுறைக்கு வந்தபோது என்னைவிட மூத்தவர்களும் என் பக்கத்தில் இருந்துதான் குறிப்பெடுத்தார்கள்.

நேரே சீஏவில் குதிக்கப் பயமாக இருந்தால் ஏஏடி என்ற கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் படிப்பைச் செய்யுங்கள். தமிழில் எழுதலாம், அடித்தளம் பலமாகும். முடித்தவர்களுக்குச் சீஏயின் தொடக்கத் தாள்களில் விலக்குக் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. ஒரு வருடம் போகிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். முதல் கட்டத்திலேயே இரண்டு மூன்று முறை தவறிப் போகும் வருடங்களைவிட அது நல்ல வருடம்.

உண்மையான சிக்கல் பரீட்சை இல்லை, பயிற்சி. அங்கீகாரம் பெற்ற இடத்தில் மூன்று வருடம் பயிற்சி கட்டாயம். அதைப் பணம் கட்டிக் குறைக்க முடியாது. “இரண்டே வருடத்தில் சீஏ” என்று விளம்பரம் கண்டால் அந்த இடத்துக்கே போகாதீர்கள். திருகோணமலையில் பயிற்சி இடங்கள் மிகக் குறைவு, எனவே பெரும்பாலும் கொழும்புதான். வெள்ளவத்தையில் போர்டிங், பகல் முழுக்க வேலை, இரவில் படிப்பு. பயிற்சிக் கொடுப்பனவு முதல் வருடத்தில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இழுபறியாகத்தான் இருக்கும். நான் மாதத்துக்கு ஒருமுறை இரவு ரயிலில் வந்து போவேன், திரும்பும்போது அம்மா கட்டித் தரும் கருவாட்டுப் பொதியால் பெட்டியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பிள்ளையைப் பதிவதற்கு முன்னால் வீட்டில் பேச வேண்டியது இந்த மூன்று வருடச் செலவைப் பற்றி. பயோவா வர்த்தகமா என்பதைப் பற்றி இல்லை. பெண் பிள்ளையென்றால் இந்தப் பேச்சு இன்னும் முந்தி நடக்க வேண்டும். பாதிப் பயிற்சியில் “போதும், வா” என்று கூப்பிட்டால் அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் இழக்கிறது.

அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, வெள்ளவத்தையில் அறை வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டார். சரி, சரியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையின் மாமா உப்புவெளியில் வள்ளம் வைத்திருக்கிறாராம். ஒரு மாதம் அந்த வள்ளத்தின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

போன சனிக்கிழமை தனியாக வந்தாள். இந்தமுறை நிலத்தைப் பார்க்கவில்லை.

“சேர், மாமா எஞ்சினைப் பிரிச்சு உள்பாகம் எல்லாம் புதுசா மாத்தினவர். இன்னும் ரெண்டு வருசம் கூட ஓடுமாம். இதைச் செலவா எழுதுறதோ, சொத்தா எழுதுறதோ?”

பில் இருக்கிறதா என்று கேட்டேன்.